இசபெல்லா வனத்தோட்டத்தில் அம்மாவுடன் நான்கு பருவங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். முழங்கால்கள் வலுவிழந்து வீட்டு வாசலைத் தாண்டவே தயங்கிய என் அம்மாவை, கடந்த ஐப்பசியிலிருந்து இந்த ஆடி வரை லண்டன் ரிச்மண்ட் பூங்காவிலுள்ள இசபெல்லா வனத்தோட்டத்துக்குப் பதினொரு முறை அழைத்துச் செல்ல முடிந்தது. அது என் ஒருத்தியின் முயற்சியால் நடந்ததன்று. பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகப் பலர் கைகொடுத்தீர்கள். அவ்வப்போது நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்ற எண்ணம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, புதன்கிழமைகளில் பூங்காவுக்குள் ஓடும் இலவசச் சிற்றுந்தின் ஓட்டுநருக்கு. அம்மா படியேறி அமர்ந்து, சக்கர நாற்காலியை நான் மடித்து வைத்து முடிக்க வெகுநேரம் பிடிக்கும். அவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. மூன்றாம் பயணத்தில், அம்மாவுக்குப் பிடித்த சன்னலோர இருக்கையைக் காலியாக வைத்திருந்தார்.

பெம்புரோக் மாளிகையருகே தகவல் மையம் நடத்திவரும் ரிச்மண்ட் பூங்கா நண்பர்கள் சங்கத்தின் தன்னார்வலர்களுக்கு அடுத்த நன்றி. எந்த வாயில் வழியாகப் போனால் சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியதோடு, தோட்டத்தின் கதையையும் அவர்கள்தாம் சொன்னார்கள். 1831-இல் சிட்மத் பிரபு இந்த இடத்துக்கு வேலியிட்டு, வெட்டுமரத் தேவைக்காக ஓக், பீச், செஸ்ட்நட் மரங்களை நடச் செய்தார். 1950-களில் பூங்காக் கண்காணிப்பாளர் ஜார்ஜ் தாம்சனும் தலைமைத் தோட்டக்காரர் வாலி மில்லரும், கீழே வேறெதையும் முளைக்கவிடாமல் மண்டிக் கிடந்த பாண்டிகம் என்னும் ரோடோடென்ட்ரான் புதர்களைப் பெரும்பரப்பில் அகற்றி, நீரோடையும் குளமும் வெட்டவெளியுமாக இன்றைய தோட்டத்தை உருவாக்கினார்கள். 1953-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இதைக் கேட்ட பிறகு, மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்த அந்த ஐப்பசி நடையில், பூக்களைக் காட்டிலும் வயதான ஓக் மரங்களையே அம்மா அதிகம் பார்த்தார்.

மார்கழியும் தையும் கடினமானவை. அந்த மாதங்களில் தம் காரில் எங்களை அழைத்துச் சென்ற நியூ மால்டன் அண்டை வீட்டு அண்ணாவுக்கும், பனி உருகிய சேற்றில் சக்கரம் புதைந்தபோது, தங்கள் நாயை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு நாற்காலியை அம்மாவோடு சேர்த்துத் தூக்கிவிட்ட தம்பதிக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அன்றுதான் ரோடோடென்ட்ரான் இலைகள் எல்லாம் சுருட்டைப் போல உருண்டு, காம்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்குவதைப் பார்த்தோம். செடி பட்டுவிட்டது என்று அம்மா வருந்தினார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர் கையுறையைக் கழற்றி, ஓர் இலையைத் தொட்டுக் காட்டி, உறைபனியில் அது தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும், குளிர் தணிந்ததும் விரிந்துவிடும் என்று விளக்கினார். பிறகு கிளை நுனியிலிருந்த கொழுத்த மொட்டைக் காட்டி, சித்திரையில் வந்து பாருங்கள் என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அம்மா குளிர்காலத்தைக் கடத்தினார்.

பங்குனியில் கமேலியா பூத்தது. குன்னூரில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த அம்மா, உதிர்ந்து கிடந்த ஒரு பூவை மடியில் வைத்து, நடுவிலிருந்த மஞ்சள் கேசரங்களை விரலால் விலக்கிப் பார்த்து, "இது நம்ம தேயிலைப் பூவுக்கு அக்கா மாதிரி இருக்கேடி" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஒரே பேரினம். அதைத் தோட்டக்காரரிடம் சொன்னபோது அவர் காட்டிய மகிழ்ச்சியை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டுக்கும் அமில மண் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, இரசாயன உரமின்றி இயற்கை முறையில் இந்த மண்ணைப் பேணும் விதம் வரை, என் மொழிபெயர்ப்பின் துணையோடு, அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சித்திரையின் நடுவில் சொன்னபடியே போனோம். அமைதிக் குளத்தின் கரை முழுவதும் அசேலியா. இளஞ்சிவப்பும் ஊதாவும் வெள்ளையும் இலையே தெரியாத அளவுக்குப் பூத்து, ஆடாத நீரில் மறுபடியும் ஒருமுறை பூத்திருந்தன. தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் 1918-இல் ஜப்பானின் குருமே நகரில் தேர்ந்தெடுத்த ஐம்பது அசேலியா வகைகளின் தேசியத் தொகுப்பு இங்கேதான் காக்கப்படுகிறது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. அசேலியாவும் ரோடோடென்ட்ரான் இனம்தான் என்று நான் சொன்னதும், அதே இனத்தைச் சேர்ந்த, நீலகிரிச் சோலையோரங்களில் இரத்தச் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசின் பெயரைச் சொன்னார். சிறு வயதில் தம் அப்பாவின் தோளிலிருந்து அதைப் பறித்ததை அன்றுதான் முதன்முறையாக எனக்குச் சொன்னார். அந்த நேரத்தில் குளக்கரையில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த பலர், கேட்காமலேயே விலகி அவருடைய நாற்காலிக்கு முன்வரிசையில் இடம்விட்டீர்கள். உங்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அந்தக் கதை எனக்குக் கிடைத்ததில் உங்களுக்கும் பங்குண்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

கோடையில் ஓடைக்கரையில் ஜப்பானிய ஐரிஸ் பூத்தபோது இருமுறை போனோம். இரண்டாம் முறை, அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து, ஒரு தன்னார்வலரின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெஞ்சு வரை நடந்தார். அந்த அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வருகிற தையில் அம்மா இரண்டு மாதம் குன்னூர் போகிறார். காட்டுப்பூவரசு பூத்திருந்தால் அதைப் படமெடுத்து வந்து அந்தத் தோட்டக்காரரிடம் காட்ட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அது எவ்வளவு சிவப்பு என்று தோட்டக்காரர் கேட்டதற்கு, என்னால் அன்று சரியாக மொழிபெயர்த்துச் சொல்ல முடியவில்லை.

நன்றியுடன்,
நியூ மால்டனிலிருந்து ஒரு மகள்