எம்டனுக்கு என்ன கலர் அடிக்கறது? யாழினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினிக்கு,

முதல் உலகப்போர் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனோட ரெவெல் கம்பெனி 1/350 மாடல் கிட் (நிஜத்துல 350ல ஒரு பங்கு அளவு) கைக்கு வந்துடுச்சுன்னு நீ மெசேஜ் போட்டதுல இருந்து மாமாவுக்கு வேற வேலையே ஓடல. அதுவும் முதல் கேள்வியே, ஹல்லுக்கு (கப்பலோட உடம்புக்கு) வெள்ளை அடிக்கணுமா சாம்பல் அடிக்கணுமான்னு கேட்டிருக்க பாரு, ரொம்ப சந்தோஷம்மா. பதில் கொஞ்சம் நீளம். ஃபோன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதறேன், உன்ன மாதிரி புதுசா ஆரம்பிக்கிறவங்க யாராவது படிச்சாலும் நல்லதுதானே.

கலரை விடு, முதல்ல தேதியை முடிவு பண்ணு. நீ செய்யப்போறது வெறும் எம்டன் இல்ல, ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்த எம்டன். அந்த ஒண்ண முடிவு பண்ணிட்டா பெயின்ட், படகு, கொடி, அழுக்குன்னு மத்த கேள்வி எல்லாத்துக்கும் பதில் தானா வரும்.

1914 போருக்கு முன்னாடி எம்டன் இருந்தது சீனாவுல ஜெர்மன்காரங்க கையில இருந்த சிங்டாவ் துறைமுகத்துல. அப்ப ஹல் நல்ல வெள்ளை, மேல்கட்டுமானமும் புகைபோக்கியும் வெளிர் மஞ்சப்பழுப்பு. கிழக்கின் அன்னம்னு பேரு வந்ததே அந்த வெள்ளையாலதான். இதை செய்யறதா இருந்தா சுத்தமா செய், அமைதிக்காலத்து கப்பல், மாலுமிங்க தினம் தேய்ச்சு கழுவுவாங்க, துரு கறை எல்லாம் அள்ளி பூசினா அது பொய். ஆனா வெள்ளை பெயின்ட்ல சின்ன தூசி விழுந்தாலும் தெரியும், ப்ரைமர்ல, அதாவது முதல்ல அடிக்கிற அடிப்பூச்சுல, ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்குடுத்துடும். முதல் கப்பலுக்கு அது வேணாம்கறது என் அபிப்பிராயம்.

போர் வந்ததும் சாம்பல். இங்கதான் நம்ம ஊர் வருது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மெட்ராஸுக்கு நேரா கப்பலை கொண்டுவந்து நிறுத்தி, சர்ச்லைட்டை போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளை சுட்டாரு. பத்து நிமிஷம், அரை மணின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஆனா 125 குண்டுக்கு மேல சுட்டாங்க, எண்ணெய் பத்திக்கிட்டு எரிஞ்சுது, ஆளுங்களும் செத்தாங்க. ஹைகோர்ட் மதில்ல அதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, நீ அந்த பக்கம் எத்தனையோ தடவை போயிருப்ப. கரையில இருந்து கப்பல் நின்ன தூரம் சுமார் மூணு கிலோமீட்டர். உன் ஸ்கேல்ல கணக்கு போட்டா எட்டரை மீட்டர். கப்பல் முடிஞ்சதும் வீட்டு ஹால்ல ஒரு கோடில வச்சிட்டு, அத்தனை தூரம் தள்ளி நின்னு பாரு, பகல்ல பீச்ல நின்னு பாத்திருந்தா எவ்வளவு பெருசா தெரிஞ்சிருக்கும்னு புரியும்.

இந்த தேதியை எடுத்தா அழுக்கு வேணும், அதுவும் சரியான அழுக்கு. எம்டன்ல இருந்தது நிலக்கரில ஓடுற பிஸ்டன் எஞ்சின் (கூடப்பிறந்த கப்பல் டிரெஸ்டன்ல டர்பைன் வச்சிருந்தாங்க). துறைமுகம் எதுவும் கிடையாது, எதிரி கடல்ல ஒத்தையா சுத்தறாங்க, கரி ஏத்தணும்னா நடுக்கடல்ல மார்க்கோமானியா மாதிரி ஒரு கரிக்கப்பலை பக்கத்துல கட்டிக்கிட்டு மூட்டை மூட்டையா ஏத்தணும், அலை தூக்கி தூக்கி ரெண்டு ஹல்லும் உரசும். அதனால கப்பல் நடுப்பாகத்துல பெயின்ட் உரிஞ்சு, கைப்பிடி ரெயில் அங்கங்க வளைஞ்சு, டெக்குல கரித்தூள் படிஞ்சு இருக்கணும். டெக்குலயே கரியை குவிச்சும் வச்சிருந்திருக்காங்க. கறுப்பு பிக்மென்ட் பவுடரை மெல்லிசா தேய்ச்சா போதும். ஆரஞ்சு துருவை மட்டும் கொட்டாத, அந்த 1914ல அவங்க கடல்ல திரிஞ்சது மூணு மாசத்துக்கு கொஞ்சம் மேலதான், அதுக்குள்ள பழைய இரும்புக்கடை சரக்கு மாதிரி ஆகியிருக்காது.

அடுத்த தேதி அக்டோபர் 28, பினாங்கு. என்னை கேட்டா இதுதான் செய்யறவங்களுக்கு விருந்து. எம்டனுக்கு புகைபோக்கி மூணு, ஆனா அந்த பக்கம் சுத்தின யார்மவுத் மாதிரி பிரிட்டிஷ் க்ரூஸருக்கு (எம்டன் மாதிரி வேகமான போர்க்கப்பல்) நாலு. அதனால மரச்சட்டமும் துணியும் வச்சு நாலாவது ஒண்ண பொய்யா கட்டிக்கிட்டு விடியறதுக்குள்ள துறைமுகத்துக்கு உள்ள போனாங்க, சுடறதுக்கு முன்னாடி ஜெர்மன் கொடியை ஏத்தினாங்க, ரஷ்ய க்ரூஸர் ஷெம்சுக்கை டார்பீடோ போட்டு மூழ்கடிச்சாங்க, வெளிய வரும்போது டெஸ்ட்ராயர்ங்கிற சின்ன வகை பிரெஞ்சு போர்க்கப்பல் மூஸ்கேவையும். அந்த பொய் புகைபோக்கியை நீயே செய். பிளாஸ்டிக் குழாயை வெட்டி வச்சிடாத, அது துணி. மெல்லிசு கம்பில சட்டம் கட்டி, டிஷ்யூ பேப்பரை தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சு சுத்து, காஞ்சா சின்ன சின்ன சுருக்கம் விழும், அதுதான் வேணும்.

கடைசி தேதி நவம்பர் 9, இந்தியப் பெருங்கடல்ல இருக்கற கோகோஸ் தீவு. காலைல எம்டனோட அதிகாரி ஃபான் ம்யூக்கே தலைமையில சுமார் 50 பேர் அங்க இருந்த கேபிள் ஸ்டேஷனை (கடலடி தந்தி நிலையம்) உடைக்க தீவுக்கு இறங்கினாங்க. அவங்க கரைல இருக்கும்போதே ஆஸ்திரேலியாவோட போர்க்கப்பல் சிட்னி வந்துடுச்சு, அவங்களை ஏத்திக்க நேரமில்லாம எம்டன் கிளம்பிடுச்சு. அந்த சண்டையில இருந்த எம்டனை செய்யணும்னா, அவங்க எடுத்துட்டு போன ஸ்டீம் படகும் ரெண்டு கட்டரும் (துடுப்புப் படகு) கப்பல்ல இருக்கக்கூடாது. கிட்ல எல்லா படகும் இருக்கேன்னு எல்லாத்தையும் ஒட்டிட்டா தேதி தப்பு. அன்னிக்கு எம்டன்ல 130 பேருக்கு மேல செத்தாங்க. கப்பல்ல அந்த படகு இல்லாத இடத்தை பாக்கிறப்போ எல்லாம் எனக்கு செத்தவங்க நினைப்புதான் வரும், எதிரி கையில சிக்காம தப்பிச்சது படகுல போனவங்கதானே.

சரி, வேலைக்கு வருவோம். நிஜ கப்பல் நீளம் 118 மீட்டர், உன் மேஜைல 34 சென்டிமீட்டர் கூட வராது. ஆள் உசரம் அஞ்சு மில்லிமீட்டர். பீரங்கி பத்து: முன்னாடி பக்கம் பக்கமா ரெண்டு, பின்னாடி அதே மாதிரி ரெண்டு, பக்கத்துக்கு மூணு. 10.5 சென்டிமீட்டர் பீரங்கி வாய் உன் ஸ்கேல்ல 0.3 மில்லிமீட்டர், பிளாஸ்டிக்ல அந்த ஓட்டை வராது, லேத்துல கடைஞ்ச பித்தளை பேரல் (பீரங்கிக் குழாய்) தனியா கிடைக்கும், காசு இருந்தா முதல்ல அதை வாங்கு. ரெயிலிங்குக்கு போட்டோ எட்ச் பித்தளை ஷீட், அதாவது அமிலத்தால அரிச்சு உருவம் எடுத்த மெல்லிசு தகடு. அதை பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டாது, சூப்பர் க்ளூதான், அதையும் ட்யூப்ல இருந்து நேரா விடாம ஒரு அட்டைல சொட்டு விட்டு ஊசி முனைல தொட்டு வை. ரெயிலிங் ஒட்டறதுக்கு முன்னாடி டெக் பெயின்ட் முடிஞ்சிருக்கணும், அப்பறம் உள்ள ப்ரஷ் போகாது.

சாம்பல்ல எந்த சாம்பல்னு சண்டை போடறவங்க பேச்சை ரொம்ப கேக்காத. இருக்கறது கறுப்பு வெள்ளை படம், அந்தக் காலத்து ஃபோட்டோ பிளேட்ல கலரோட அடர்த்தியே மாறி விழும். பாட்டில்ல இருக்கறதுல கொஞ்சம் வெள்ளை கலந்து அடி, சின்ன மாடலுக்கு அடர் கலர் கனமா தெரியும்.

ரிக்கிங் கயிறை (கப்பல் கம்பங்கள்ல இருந்து வர்ற கயிறுங்க) எல்லாத்துக்கும் கடைசில கட்டு, கண்ணாடி கேஸ் மட்டும் உடனே ஆர்டர் பண்ணிடு, ரெயிலிங் மேல படியற தூசியை அப்பறம் எதாலயும் எடுக்க முடியாது. ஆர்டர் பண்றப்போ மாஸ்ட் (கம்பம்) உயரத்தையும் ஸ்டாண்ட் உயரத்தையும் சேத்து அளந்து குடு.

அன்புடன்,
மாமா