பளிச்சென்று ஆன மாட வீதிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழா பற்றிய உங்கள் செய்தியில், 'இரவோடு இரவாகக் குப்பைகள் அகற்றப்பட்டு மாட வீதிகள் பளிச்சென்று காட்சியளித்தன' என்று ஒரு வரி. படித்துப் பூரித்துப்போனேன். அகற்றிய குப்பை எங்கே போனது என்று எழுத மட்டும் இடமில்லை போலிருக்கிறது. கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகள் இருக்கும்போது நமக்கென்ன கவலை?

நான் அதே வீதியில்தான் குடியிருக்கிறேன். அன்று இரவு பதினொன்றரைக்கு எங்கள் வாசலில் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், மோர் ஒழுகும் கப்புகளையும் புளியோதரை அப்பிய தட்டுகளையும் ஒரே சாக்கில் வாரிக்கொண்டிருந்தார். பிரித்துப் போடக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். "எதைம்மா பிரிக்கிறது, எல்லாம் ஒண்ணாக் கூழாயிருக்கு" என்றார். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

'பேப்பர் தட்டுதானே, மக்கிவிடும்' என்கிறார்கள். ஒன்றை எடுத்துவந்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் காகிதம் கரைந்து, மெல்லிய பிளாஸ்டிக் வட்டம் ஒன்று முழுசாக உரிந்து கையோடு வந்தது. அது உரத்துக்கும் ஆகாது, பழைய பேப்பர்காரரும் தொடமாட்டார்.

இந்தத் தட்டு, கப், தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அன்னதானம் செய்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "புண்ணிய காரியத்துல சட்டம் பேசாதீங்க மாமி" என்றார். தட்டின் நடுவில் அவர் கடைப் பெயர்!

பல்லக்கில் போகும் அறுபத்து மூவரில் அப்பூதியடிகளும் ஒருவர். திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். நிச்சயமாகப் பாக்கெட்டில் கொடுத்திருக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் இந்த வருடமும் அண்டா மோரும் நாற்பது எவர்சில்வர் டம்ளரும்தான். 'எச்சில் டம்ளரா' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தூக்கிக் குடிக்க மறந்துபோன ஊராகிவிட்டது. சாயங்காலத்துக்குள் மூன்று டம்ளரைக் காணோம், சரி, போகட்டும்.

போன வருடமும் இதையே எழுதினேன். உங்கள் கோலப் போட்டியைப் பாராட்டிய முதல் பாராவை மட்டும் போட்டுவிட்டு மீதியை வெட்டினீர்கள். உங்கள் விழா மலரோ பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்ந்தது.

அடுத்த பங்குனியில் நிகழ்ச்சி நிரல் வெளியிடும்போது, எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழாவுக்குக் கீழே 'டம்ளர் கொண்டு வரவும்' என்று பொடி எழுத்திலாவது போடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை வழக்கம்போல் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
மயிலாப்பூர்.