ப்ரில்லும் லாலும்

ஏய் பூரணி,

திட்டாதடி. உன் மெசேஜ் மூணு மாசமா பதில் இல்லாம கிடக்கு, தினமும் பாக்குறேன், தினமும் நாளைக்குன்னு தள்றேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம், வேலை ஓடுது, சித்ரா இன்னும் அதே சித்ராதான். போதும்ல?

நீ எழுதியிருந்தியே, "25 வயசுலயே மண்டை மழுங்கிருச்சு, படிச்சது எதுவும் நிக்கல"ன்னு, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா எனக்கும் அதே கதை. மருந்து பேர மனப்பாடம் பண்ண உக்காந்தா ப்ரில்ல முடியுறது எது, லால்ல முடியுறது எதுன்னு ராத்திரி 11 மணிக்கு கரெக்டா சொல்வேன், காலைல எனாலாப்ரிலும் அட்டெனலாலும் (ரெண்டும் ரத்த அழுத்த மருந்துதான், ஆனா வேற வேற வகை) ஒரே ஆள் மாதிரி தெரியும். கடுப்புல ஒருநாள் புக்க மூடி வச்சிட்டு ஓடப் போனேன். ஆமா, நானேதான்! பிடி பீரியட்ல கணுக்கால்ல பொய்க்கட்டு போட்டுக்கிட்டு மரத்தடில உக்காந்திருந்த அதே ஆள். சிரிச்சு முடிச்சிட்டு மேல படி.

அதுக்கப்புறம் ஓடுறதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்னு தேடித் தேடி படிச்சேன். 2016ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு, 72 பேருக்கு 90 படத்த காட்டி எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்க சொல்லியிருக்காங்க. கொஞ்ச பேரு உடனே 35 நிமிஷம் சைக்கிள் மிதிச்சாங்க, கொஞ்ச பேரு நாலு மணி நேரம் கழிச்சு, மிச்ச பேரு சும்மா இருந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு கேட்டா யாருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு சொல்லு? நாலு மணி நேரம் கழிச்சு மிதிச்சவங்களுக்கு! உடனே மிதிச்சவங்களுக்கும் சும்மா இருந்தவங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. படிச்சது மூளைல ஊறி கெட்டிப்பட டைம் ஆகுமாம், அந்த நேரத்துல உடம்பு அசைஞ்சா டோபமைன், நார்அட்ரினலின்னு மூளைல சுரக்குற ரசாயனமெல்லாம் வந்து கைகொடுக்குதுன்னு அவங்க நினைக்கிறாங்க.

உடனே ஸ்டாப்வாட்ச் தூக்கிடாத, உன்ன எனக்குத் தெரியும். படிக்கிறதுக்கு முன்னாடி அசைஞ்சாதான் நல்லதுன்னு சொல்ற ஆய்வும் இருக்கு. 2007ல வந்த ஒண்ணுல, ரெண்டே தடவ, மூணு மூணு நிமிஷம் வெறித்தனமா ஓடிட்டு வந்து உக்காந்தவங்க புது வார்த்தைகள 20 சதவீதம் வேகமா கத்துக்கிட்டாங்க. ஆனா அதுல இருந்தது 27 பேரு, எல்லாரும் விளையாட்டு பசங்க, நம்மள மாதிரி மூட்டை இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சது 2018ல வந்ததுதான், மூச்சே வாங்காத அளவுக்கு பத்து நிமிஷம் லேசா மிதிச்சாலே போதும், ஒண்ணு மாதிரியே இருக்குற ரெண்டு படத்த பிரிச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது கூடுதாம். என் ப்ரில்-லால் பிரச்சனையே அதான!

இப்ப நான் என்ன பண்றேன்னா மத்தியானம் ஒரு மணிக்கு படிச்சு முடிச்சிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டை மாடில வேகமா நடக்குறேன், கைல சீட்டு கிடையாது, ஒரு ரவுண்டுக்கு ஒரு மருந்து, வாய்விட்டு. கீழ் வீட்டு பாட்டி மந்திரம் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு கும்பிடுறாங்க. போன வாரம் 40க்கு 33 வந்துச்சு. நடையாலயா, வாய்விட்டு சொன்னதாலயான்னு கேட்டா சத்தியமா தெரியல.

ஆனா பூரணி, ஒண்ணு கேக்கணும். நீ ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்க, ரூமை விட்டே வெளிய வர்றதில்லன்னு சித்ரா சொன்னா. தூங்கலன்னா எவ்ளோ ஓடினாலும் படிச்சது தங்காது, அது வேற. மறதி மட்டும்தானா, இல்ல வேற ஏதாவது மனசப் போட்டு அரிக்குதா? எழுத வேணாம், வாயால சொல்லு. நாளைக்கு அஞ்சு மணிக்கு போன் பண்றேன், நீயும் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வந்து நில்லு, நடந்துக்கிட்டே பேசலாம். எடுக்கலன்னா பொய்க்கட்டு ஐடியா யாரோடதுன்னு பிடி மிஸ்ஸுக்கு இப்பவே லெட்டர் போட்டுருவேன்.

உன்
குட்டச்சி