ஓட்டுப் போடும் முன் படிவம் 26-ஐப் படியுங்கள்

தருமபுரி சபையாருக்கு ஸ்தோத்திரம்.

யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று பலர் கேட்கிறீர்கள். சின்னம் எதையும் நான் சொல்லமாட்டேன். ஆலயத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தத் தேர்தல் நடத்தை விதி இடம் தருவதில்லை. நானும் அதை விரும்பவில்லை. "நம்மவர்" என்பதற்காக மட்டும் ஒருவருக்குப் போடுவதும் சரியல்ல.

ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-இல் தம் சொத்து, கடன், வழக்கு, படிப்பு அனைத்தையும் எழுதிக் கையெழுத்திடுகிறார். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வழக்குப் பகுதியை முதலில் படியுங்கள்.

போன தேர்தலில் எங்கள் வாசற்படியில், கோலத்தின் மேலேயே, பணக் கவர் ஒன்று கிடந்தது. என் மகள்தான் எடுத்து வந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்று வேதாகமத்தில் யாத்திராகமம் 23:8 சொல்கிறது. ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றமே.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நிலத்தடி நீரில் உள்ள புளூரைடால் பல் கறைபடிந்த பிள்ளைகள் நம் ஞாயிறு பள்ளியிலேயே இருக்கிறார்கள். அதைத் தடுக்கக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருக் குழாயில் வாரம் எத்தனை நாள் வருகிறது என்று அவருக்குத் தெரியுமா?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லா வேட்பாளர்களின் படிவங்களையும் அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். கண்ணாடி மறக்காதீர்கள், எழுத்து பொடியாக இருக்கும்.