எங்கள் மகனுக்கு ஒரு பள்ளி கிடைத்தது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலை மார்ச் மாதத்திலிருந்து மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எட்டு நாளில் கோடை விடுமுறை. மகன் முதல் வகுப்பை, தொடங்கிய அதே பள்ளியில், அதே வகுப்பறையில் முடிக்கப் போகிறான். மற்ற வீடுகளில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் வீட்டில் என் மனைவி காலண்டரைப் பார்த்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: நான் மதுரைக்காரன், மனைவி யூதப் பெண், இருப்பது நியூஜெர்சியில் ஹைலண்ட் பார்க். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் நம்ம ஊர்க் கடைகளுக்குக் காரில் போய்விடலாம், ஜெப ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம், அதற்காகவே இந்த ஊரில் வீடு பார்த்தோம். தாய் யூதராக இருந்தால் பிள்ளையும் யூதன் என்பது அவர்கள் மத விதி. பிள்ளைகளை அப்படியே வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தோம்.

மகனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காது, அடங்கி உட்கார முடியாது. நாலு வயதில் ஒரு யூதப் பள்ளி, ஐந்து முடிந்ததும் இன்னொரு பள்ளி, இரண்டும் அவனை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டன. நாற்காலியைத் தள்ளிவிடுவான், கதவைத் திறந்துகொண்டு ஓடுவான், பிடிக்க வந்தவரைக் கடிப்பான். பத்தரை மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து போன் வரும், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அலுவலகத்தில் போன் அதிர்ந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். இரண்டாவது பள்ளியின் கடைசி நாளன்று நான் போவதற்கு முன்பே அவன் பையையும் மழைக்கோட்டையும் மாற்று உடுப்பு டப்பாவையும் வாசல் பக்கம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவன் என்னிடம், "அப்பா, நாளைக்கு எந்த ஸ்கூல்?" என்றான். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசமாகக் கிடைக்குமே, ஏன் யூதப் பள்ளிதான் வேண்டும் என்று நிற்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1975-ல் வந்த சட்டத்தின்படி எந்தக் குறை உள்ள பிள்ளைக்கும் தகுந்த கல்வியை இலவசமாகத் தருவது அரசுப் பள்ளியின் கடமை, அங்கே படித்து நன்றாக வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஷப்பாத் என்கிற ஓய்வுநாளுக்கு விளக்கு ஏற்றினதும் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் வழக்கம் உண்டு, மகனுக்கு, வேதத்தில் வரும் யோசேப்பின் பிள்ளைகளான 'எப்ராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்' ஆகட்டும் என்று. நாள் முழுக்க ஒரு நிமிடம் நிற்காத பிள்ளை அந்த நேரத்துக்கு மட்டும் தானே வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அந்த எபிரேயப் பாட்டுகளையும் எழுத்துகளையும் அவன் விரும்பினான். அவன் விரும்புகிற ஒரே இடத்திலிருந்து அவனை வெளியே எடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில், ஜெப ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காரும் 76 வயதுப் பெரியம்மாவுக்கு. நியூயார்க் அரசுப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். 1985-ல் உச்ச நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் மதப் பள்ளிக் கட்டிடத்துக்குள் போய் அந்த வகுப்புகளை எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னபோது, பள்ளிக்கு வெளியே தெருவில் நிறுத்திய வேனுக்குள் உட்கார்ந்து யூதப் பிள்ளைகளுக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் படிப்பு சொல்லிக்கொடுத்தவர் அவர். மழையில் பிள்ளைகள் ஜாக்கெட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு வேனுக்கு ஓடி வருவதைச் சொல்வார். 1997-ல்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. இப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை எங்களிடம் வந்து, "உங்கள் பிள்ளை ஏன் இப்படி இருக்கிறான் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது இப்படி ஆகிறான் என்று யாராவது பார்த்தார்களா?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது இரண்டாவது பள்ளியில் இன்னும் மூன்று வாரம் பாக்கி. அவர் அனுமதி வாங்கிக்கொண்டு தினமும் வகுப்பின் பின்பக்கம் ஒரு சின்ன நாற்காலியில் போய் உட்கார்ந்தார் (அனுமதி கொடுத்ததற்கு அந்தப் பள்ளிக்கும் நன்றி). கோடு போட்ட நோட்டு ஒன்று, பக்கத்துக்கு மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் என்ன நடந்தது. பதினொரு நாளில் நோட்டில் பாதி நிறைந்துவிட்டது. கடைசியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துப் போட்டு விரலால் காட்டினார். அநேகமாக எல்லாச் சண்டையும் இரண்டே இடத்தில் நடந்திருந்தது. ஒன்று, காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே மேசையைத் தட்டும்போது. இன்னொன்று, மதியம் எபிரேய வகுப்பு முடிந்து ஆங்கில வகுப்புக்கு மாறும் நேரம். யூதப் பள்ளிகளில் அரை நாள் தோரா என்கிற யூத வேதம், எபிரேயம், பிரார்த்தனை, மீதி அரை நாள் கணக்கு, ஆங்கிலம், அறிவியல் என்று இரட்டைப் பாடத்திட்டம், அதனால் நாளும் நீளம், ஆசிரியர் மாறுவதும் அதிகம். 'ஓடிப்போனான், அதனால் வெளியே கூட்டிப்போனார்கள், சத்தம் நின்றது' என்று மூன்றாவது பத்தியில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. சத்தத்திலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இரண்டு வருடமாக நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகக் குழுவுக்கு. தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் அரசு எட்டிப் பார்க்காது என்று நான் நினைத்திருந்தேன், தப்பு. பரிசோதனை வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டால் 20 நாளுக்குள் கூட்டம் போட வேண்டும், நாம் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்ததிலிருந்து அதை முடிக்க 90 நாள் கெடு என்பது நியூஜெர்சி விதி. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, கூடுதல் பாடம் எல்லாம் 1977-லிருந்தே மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. உளவியலாளர், கற்றல் ஆலோசகர், சமூகப் பணியாளர் என்று மூன்று பேர், கூடவே அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர். அவர்களில் ஒருவர் அவனோடு தரையில் படுத்துக்கொண்டு லெகோ அடுக்கியபடியே அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் குறைகளோடு, கணக்கில் அவன் வயதைத் தாண்டி நிற்கிறான் என்பதையும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதை முதலில் எழுதியிருந்தார்கள்.

அந்த அறிக்கையையும் நோட்டையும் வைத்துக்கொண்டு ஏழு பள்ளிகளுக்குப் போன் செய்தோம். நாலு பேர் மரியாதையாக மறுத்தார்கள், இரண்டு பேர் திருப்பிக் கூப்பிடவே இல்லை. ஏழாவது இப்போதைய பள்ளி. பெயர் போட வேண்டாம் என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டதால் போடவில்லை. விண்ணப்பத்தில் 'இதற்கு முன் எந்தப் பள்ளியாவது உங்கள் பிள்ளையை நிறுத்தியிருக்கிறதா' என்ற கேள்விக்குக் கீழே இடம் போதாமல் நாங்கள் தனித்தாளில் ஒன்றையும் மறைக்காமல் எழுதி வைத்திருந்தோம். அவர் அன்று சாயந்திரமே கூப்பிட்டார். நேரில் போனபோது எங்களிடம் பேசுவதற்கு முன் அவனிடம் குனிந்து, "உனக்கு எந்தச் சத்தம் பிடிக்காது?" என்று கேட்டார். இவன் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாரும் ஒண்ணா மேசையைத் தட்டுறது." அதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை, நானும்தான்.

அவர்கள் போட்ட திட்டம் ரொம்ப எளிமையானது. பிரார்த்தனையின் முதல் பத்து நிமிடம் அவன் உள்ளே வர வேண்டாம். அந்த நேரத்தில் அலுவலகத்துக்குப் போய் செதாக்கா உண்டியலை, அதாவது தர்மக் காசு போடுகிற தகர டப்பாவை, எடுத்து வர வேண்டும். பாட்டெல்லாம் அடங்கினதும் அதை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் காசு வாங்கி, எண்ணி, தாளில் எழுத வேண்டும். கணக்குப் பிடித்த பிள்ளைக்குச் சரியான வேலை. மதியம் வகுப்பு மாறும்போது ஐந்து நிமிடம் முன்பே கிளம்பிப் போய்க் கரும்பலகையைத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவனோடு நிழல் மாதிரி இருக்கும் ஷேடோ டீச்சருக்குத் தனியாக ஒரு நன்றி. இருபத்து மூன்று வயதுப் பெண், ராத்திரியில் கல்லூரியில் படித்துக்கொண்டே பகலில் இந்த வேலை. முதல் வாரத்திலேயே இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்து கிணுகிணுக்கும்போது அவன் தோள் தூக்குவதைக் கவனித்துக் கழற்றி வைத்துவிட்டாள். என்னிடம் தமிழில் ஒரே ஒரு வார்த்தை கேட்டுக் கற்றுக்கொண்டாள்: "மெதுவா." இப்போது வகுப்பில் பாதிப் பேர் அதைச் சொல்கிறார்கள்.

அக்டோபரில் அவன் கூடப் படிக்கும் பெண் குழந்தையின் கையைக் கடித்துவிட்டான், பல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. அந்த அம்மாவுக்கு எப்படிப் போன் செய்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவர்களே கூப்பிட்டார்கள். "உங்கள் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாளுக்கு எங்களை அழைத்தார்கள், கேக் வெட்டும்போது பாட்டு மெதுவாகப் பாடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்தார்கள். அவன் போன முதல் பிறந்தநாள் விழா அது. உங்களுக்கு நான் என்ன எழுதினாலும் போதாது.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இங்கே யூதப் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டுவது சகஜம், ஷேடோ செலவு அதற்கு மேல். எங்களால் முடிந்தது போக மிச்சத்தை உதவி நிதி கட்டியது. கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது, போய்ச் சேர்ந்தது எங்களுக்கு என்று அவர்களுக்கும் தெரியாது. பழைய யூத அறிஞர் மைமோனிதேஸ் தர்மத்தை எட்டுப் படியாகப் பிரித்து, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத தர்மத்தை மேலிருந்து இரண்டாம் படியில் வைத்தார். ஆகவே முகம் தெரியாத உங்களுக்கு, முகம் தெரியாமலேயே, என் வணக்கம்.

எடிசன் அக்காவுக்கு: வெளியே அலைந்த நாட்களிலெல்லாம் சின்னவளைப் பார்த்துக்கொண்டீர்கள். எங்கள் வீட்டுக் கோஷர் என்கிற யூத உணவு விதிக்காகப் புதுசாக இட்லித் தட்டு வாங்கி, வேறு எதற்கும் எடுக்காமல் வெள்ளைத் துணியில் சுற்றி மேல் அலமாரியில் வைத்திருக்கிறீர்களே, அதை நான் பார்த்தேன் அக்கா. மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு: முதலில் "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றீர்கள். அப்புறம் நோட்டு விஷயத்தைக் கேட்டதும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க சித்தப்பாவும் இப்படித்தான் காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான், அடிச்சே வளர்த்துட்டோம்" என்றீர்கள். அதைச் சொன்னதற்கு நன்றி அம்மா.

இப்போது தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: நியூஜெர்சியில் சைனாய் பள்ளிகள் 1982-லிருந்து வழக்கமான யூதப் பள்ளிகளுக்குள்ளேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் நடத்துகின்றன, நியூயார்க்கில் அதே மாதிரி பி-டாக் என்ற அமைப்பு 1976-லிருந்து இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு ஷேடோவோடு சாதாரண வகுப்பே போதும் என்று ஆனது, உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கலாம். எங்கே போனாலும் ஒரு மூன்று பத்தி நோட்டோடு போங்கள்.

போன மாதம் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்தூர் விழா. முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சித்தூர், அதாவது பிரார்த்தனைப் புத்தகம், கையில் கொடுப்பார்கள், எல்லோரும் மேடையில் பாடுவார்கள், குடும்பமே வரும். பாட்டு நடக்கும்போது அவன் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் ஷேடோவோடு உட்கார்ந்திருந்தான். பெயர் கூப்பிட்டதும் நடந்து வந்தான், ஓடவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, யூத வழக்கப்படி புத்தகத்தை முத்தமிட்டுவிட்டு, மறுபடி படிக்கட்டுக்கே போய்விட்டான். நான் எட்டிப் பார்த்தபோது மடியில் விரித்துவைத்துப் பக்க எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

கடைசி எட்டு நாளும் உண்டியலை அவன்தான் கொண்டுவருவான். பள்ளிப் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

அன்போடு,
ஒரு அப்பா