முட்டையும் முயலும் இருக்கட்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, கேட்டால் இல்லை என்பார். தங்கச்சிக்கு ஜூனில் பிரசவத் தேதி சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

ஈஸ்டர் அன்று குடும்ப குரூப்பில் நான் வாழ்த்துப் போட்டதற்குப் பதிலாக நீ ஒரு படம் அனுப்பினாயே, பாபிலோன் தேவதை இஷ்டார்தான் ஈஸ்டர், முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள் என்று. அத்தைமார் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் சித்தப்பா மட்டும் கைதட்டுகிற பொம்மையைப் போட்டார். நம் கோயிலை விட்டு வேறு சபைக்குப் போனதிலிருந்து அவருக்கு ஈஸ்டரும் கிறிஸ்துமஸும் அஞ்ஞானம். சாமியே வேண்டாம் என்கிற நீயும், மாதா சுரூபத்தைக் கண்டாலே முகம் திருப்புகிற அவரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

வாழ்நாள் முழுக்க வரலாறு நடத்தியவளுடைய மகன் அனுப்புகிற படமா அது? இஷ்டாருக்குச் சிங்கமும் எட்டு முனை நட்சத்திரமும்தான் அடையாளம், முயல் இல்லை. இந்தக் கதையைப் பரப்பியவர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1853இல் சின்னப் புத்தகமாகப் போட்டு 1858இல் பெரிதாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபைதான் பாபிலோன் என்று நிறுவுவது அவருக்கு நோக்கம். சித்தப்பாவுக்குப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. உனக்கு எப்படிப் பிடித்தது என்பதுதான் தெரியவில்லை.

கேள், ஆங்கிலேயர்கள் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பே, இரண்டாம் நூற்றாண்டிலேயே பாஸ்காவை, அதாவது ஈஸ்டரை, எந்த நாளில் கொண்டாடுவது என்று சண்டை நடந்திருக்கிறது. ஆசியா மைனர்க்காரர்கள், இன்றைய துருக்கிப் பக்கம், யூதர்களைப் போல நிசான் மாதம் 14ஆம் நாளில் கொண்டாடினார்கள், அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோமாபுரியில் ஞாயிறுதான். ஆசியா மைனரில் ஸ்மிர்னா ஊர் ஆயர் போலிகார்ப் எண்பதைத் தாண்டிய கிழவர், இதைப் பேச ரோமுக்கே புறப்பட்டுப் போனார். 155ஐ ஒட்டி இருக்கும். அப்போதைய பாப்பு (போப்) அனிசேத்தோடு உட்கார்ந்து பேசினார். இவரும் இறங்கவில்லை, அவரும் இறங்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அனிசேத் தன் கோயிலிலேயே போலிகார்ப்பைப் பூசை வைக்கச் சொன்னார். கருத்து ஒன்றாகவில்லை, ஆனாலும் சமாதானமாகப் பிரிந்தார்கள். 190ஐ ஒட்டி விக்டர் என்ற பாப்பு அந்த ஊர்க்காரர்களை ஒரேயடியாக விலக்கப் பார்த்தபோது, லியோன் ஆயர் இரேனியுஸ் இதை ஞாபகப்படுத்தித்தான் கடிதம் எழுதினார். ஞாயிறு என்று எல்லாருக்கும் பொதுவாக முடிவானது 325இல், நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில். எனக்கு அந்தக் கிழவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஒத்துப்போக முடியாது என்று தெரிந்தும் அவ்வளவு தூரம் போனாரே.

உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பீட் என்ற ஆங்கிலேயத் துறவி 725இல், தன் முன்னோர்கள் ஏப்ரலை ஒட்டிய மாதத்தில் ஏயோஸ்த்ரே என்ற தேவதைக்கு விழா எடுத்தார்கள், அந்தப் பெயரே பண்டிகைக்கும் வந்தது என்று எழுதியிருக்கிறார். துறவியே கூச்சப்படாமல் எழுதியதை நீ ரகசியம் போல அனுப்புகிறாய். ஆனால் அவளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். முயலும் இல்லை, முட்டையும் இல்லை. 1835இல் யாக்கோப் கிரிம் அதை வைத்து ஒஸ்தாரா என்று ஒரு ஜெர்மன் தேவதையை ஊகித்தார். முயல் முட்டை கொண்டுவருகிற கதை 1682இல் ஒரு ஜெர்மன் வைத்தியர் எழுதியதில் வருகிறது. முட்டைக்குத் தேவதையே வேண்டாம். அந்தக் காலத்துத் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. கோழிக்கு ஏது தவக்காலம்? நாற்பது நாளும் சேர்ந்ததை ஈஸ்டரில் தின்று தீர்த்தார்கள். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் 1290இல் 450 முட்டை வாங்கிச் சாயமும் தங்க ரேக்கும் போட்டுக் கொடுத்ததற்கு அரண்மனைக் கணக்கே இருக்கிறது.

போன வருஷம் உங்கள் ஜெர்மனியிலேயே பவுட்ஸன் பக்கம் போய் சோர்பியர்கள் என்ற சிறுபான்மை இனத்தார் வாத்து இறகை மெழுகில் தொட்டு முட்டையில் கோலம் போடுவதைப் படம் எடுத்து அனுப்பினாயே, தெருவில் ஒருவர் விடாமல் காட்டினேன். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாகக் குதிரையில் பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த பங்குக்கு உயிர்ப்புச் செய்தி கொண்டுபோகிறவர்களையும் காட்டினேன். என் மகன் எங்கெல்லாம் போகிறான் பார் என்று பெருமைதான். அந்தப் பக்கத்துப் பெண்கள் ஈஸ்டர் விடியலில் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் எடுத்துவருவார்கள் என்று நீதான் சொன்னாய். அவர்களுக்கு அது ஒரு காலைக்குத்தான். நீ எத்தனை நாளாக வாய் திறக்கவில்லை?

வசந்தத்தில் நெருப்பு வைப்பது பழைய வழக்கமாகவே இருக்கட்டும். பெரிய சனி இரவில் கோயில் வாசலில் மூட்டுகிற புது நெருப்பைப் பார்த்து நீ சின்ன வயதில் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாய். பழைய தெய்வங்களின் கோயில்களை இடிக்காதீர்கள், தீர்த்தம் தெளித்து அதையே ஆலயமாக்குங்கள் என்று இங்கிலாந்துக்கு வேதம் பரப்பப் போன துறவி மெல்லித்துஸுக்கு 601இல் எழுதியவர் பாப்பு கிரகோரி. நம் ஊரில் பனிமய மாதாவுக்குக் கொடியேற்றம் உண்டு, தங்கத்தேர் உண்டு. பொங்கலன்று கோயில் வளாகத்தில் பானை வைக்கிறோம். விபூதிப் புதனில் நெற்றியில் சாம்பல் பூசுகிறோம். வேரைத் தோண்டுவது என்று ஆரம்பித்தால் முதலில் நம் வீட்டு முற்றத்தைத்தான் தோண்ட வேண்டும். தோண்டிப் பார்க்கட்டுமே. மரம் பட்டுப்போகாது.

சரி, வேறு விஷயம். மேல வீட்டு டீச்சருடைய மகன் மியூனிக்கில் இருந்து வந்திருக்கிறான். அங்கே கோயிலுக்குத் தனி வரியாமே, வருமான வரியில் 8 சதவீதம், உங்கள் சாக்சனியில் 9. சம்பளச் சீட்டிலேயே தனியாகக் காட்டிக் கழிப்பார்களாம். அதை மிச்சம் பிடிக்க நம் பிள்ளைகளே அரசு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு விலகிவிடுகிறார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறான். அப்படி விலகினால் நற்கருணை வாங்கவும் முடியாது, ஞானத்தகப்பனாக நிற்கவும் முடியாது என்று 2012இல் அந்த நாட்டு ஆயர்கள் சொல்லிவிட்டார்களாம். நான் உன்னைச் சொல்லவில்லை. அவன் சொன்னதைச் சொன்னேன். பணம் கஷ்டமாக இருந்தால் சொல்லு, அப்பாவுக்குத் தெரியாமல் நான் அனுப்புகிறேன். பென்ஷன் வருகிறது.

தங்கச்சி பிள்ளைக்கு மாதா திருவிழாவுக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறாள். தாய்மாமனும் நீ, ஞானத்தகப்பனும் நீ என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்துவிட்டாள். ஆகஸ்ட் 5 திருவிழா. முன்னாடியே டிக்கெட் போட்டால் விலை குறைவாம். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர் ரொட்டியை மட்டும் தின்றுகொண்டு இருக்காதே.

அப்புறம், வீட்டுக் கடன் விஷயமாக வங்கியில் உன் சம்பளச் சீட்டு கேட்பார்கள் போலிருக்கிறது. போன மாதத்தது ஒன்று அனுப்பு. அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள் வந்தால் போதும். பாதியை மட்டும் படம் எடுக்காதே, பிடித்தம் எல்லாம் தெரிகிற மாதிரி முழுப் பக்கமும் வேண்டும்.

அன்புடன்,
அம்மா