படிப்பகத்துப் பட்டிமன்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளுக்கு வணக்கம்.

கல்மண்டபம் பஸ் ஸ்டாப் சுவரில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்தேன், பசைகூடக் காயவில்லை. 'போருக்கும் கொலைச் சாவுக்கும் பெருங்காரணம் மதமே.' கைதட்டல் நிச்சயம். ஆனால் கணக்கு இடிக்கிறது.

கெட்டிக்காரனைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, நம் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். குண்டு போட்டவனும் கிறிஸ்தவன், குண்டு விழுந்த ஊரை ஆண்டவனும் கிறிஸ்தவன். இரண்டே மாதத்தில் துருக்கி சுல்தான் பிரிட்டனுக்கு எதிராக ஜிகாத் அறிவித்தார். பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களில் பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மதத்துக்கு நான் நற்சான்றிதழ் எழுத வரவில்லை. 1947-இல் ரயில் பெட்டிக்குள் ஏறியவர்கள் மதம் பார்த்துத்தான் வெட்டினார்கள். ஆனால் 1618-இல் மதச் சண்டையாக ஆரம்பித்த ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்க பிரான்ஸ் புராட்டஸ்டண்ட் ஸ்வீடனோடு கூட்டுச் சேர்ந்து கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசர்களையே அடித்ததே, அதை எதில் சேர்ப்பீர்கள்?

அவ்வளவு தூரம் போவானேன், புளியந்தோப்பு இருக்கிறது. 1921-இல் பி அண்ட் சி என்ற பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி மில்லில் ஸ்டிரைக். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், வேலைக்குப் போன ஆதிதிராவிடர்கள் மறுபக்கம். மில் தகராறு சாதிச் சண்டையாகிக் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. சாதிக்கு வேரே மதம்தானே என்று ஒருவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும், அந்தச் சண்டையைக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

'கொலைச் சாவு' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஐ.நா. கணக்கில் 2017-இல் உலகம் முழுக்கக் கொலையுண்டவர்கள் சுமார் 4,64,000 பேர். போர்களில் செத்தவர்கள் சுமார் 89,000. போன வருஷம் எங்கள் தெருமுனையில் ஒரு பையனை வெட்டினார்கள். கோலம் போடத் தண்ணீர் தெளிக்கப் போன என் வீட்டம்மா, ஏழு வாளி ஊற்றியும் சிமெண்டில் கறை போகவில்லை என்றாள். பேப்பரில் 'முன்விரோதம்' என்று நாலு வரி. தெருவுக்குத் தெரியும், 2,000 ரூபாய் கைமாற்று. வெட்டியவனும் செத்தவனும் ஆடி மாதம் ஒரே அம்மனுக்குக் கூழ் ஊற்றியவர்கள்.

'மதமே'யில் இருக்கும் அந்த ஏகாரத்தை எடுத்துவிட்டுப் புளியந்தோப்பைத் தலைப்பில் வையுங்கள். வைத்தால் நானும் மேடை ஏறுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல நாற்காலி அடுக்க வருகிறேன்.

அன்புடன்,
படிப்பகத்தின் பழைய உறுப்பினன்